பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா?



குழுக் கடனில் பழைய ஆம்னி வேன் வாங்கி, சந்தைக்குக் காய்கறியும் ஆட்களும் ஏற்றி ஓட்டும் குழுக்கள் நம்மிடையே உண்டு. ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடுவது எல்லாமே பழைய வண்டிதான்.

அப்படி ஒரு குழுவின் வேன், பிரேக் அடித்தால் வலது பக்கம் இழுத்தது. வலது பக்கம் என்றால் எதிரே பஸ் வருகிற பக்கம். ஓட்டுவதும் நம் உறுப்பினர்தான். "பொம்பளை ஓட்டினா இப்படித்தான்" என்று ஊரில் பேசினார்கள். குழுக் கூட்டத்திலும் அவர் மேலேயே குறை வந்தது. ஒர்க்‌ஷாப்பில் வலது பக்க பேடை மட்டும் மாற்றி பில் போட்டார்கள். இழுப்பு நிற்கவில்லை. கோளாறு இருந்தது இடது பக்கத்தில்! இதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

நாம் பெடலை மிதித்ததும் பிரேக் ஆயில் குழாய் வழியாக முன் சக்கரங்களுக்குப் போகிறது. அங்கே காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் தள்ளியதும் இரண்டு பேடுகளும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடித்தால்தான் வண்டி நேராக நிற்கும். ஒரு பக்கம் பிடி குறைந்தால், நன்றாகப் பிடிக்கிற பக்கத்துக்கு வண்டி திரும்பும். வலது பக்கம் இழுத்தால் இடது பக்கத்தையும் கட்டாயம் பார்க்கணும் என்பது இதனால்தான்.

நாமே பார்க்கக் கூடியவை

1. முதலில் டயரில் காற்று. இரண்டு முன் டயரிலும் சமமாக இருக்கணும். தேய்மானமும் ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடலாம்.

2. பிரேக் அடிக்காதபோதும் இழுக்கிறதா? அப்படியானால் டயர், வீல் அலைன்மென்ட், அல்லது ஒரு பக்க பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது காரணமாகலாம். பிரேக் அடிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

3. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரத்தின் அருகில் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தாலோ, கருகிய வாடை வந்தாலோ அந்தப் பக்கம் பிரேக் விடவில்லை. ஒரு பக்கம் சூடே இல்லையென்றால் அங்கே பிரேக் பிடிக்கவில்லை.

4. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயிலில் காற்று புகுந்திருக்கலாம். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் ஆயில் கசிகிறது. உடனே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

ஜாக்கி போட்டு, தாங்குகட்டை வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்து விட்டபிறகும் சக்கரம் இறுக்கமாக இருந்தால், காலிப்பரின் நிப்பிளைச் சற்றே திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் லேசானால் ஆயில் திரும்பப் போக வழியில்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். திறந்தும் இறுக்கம் போகவில்லையென்றால் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்னோ துருப்பிடித்திருக்கும். உள் பேடு, வெளிப் பேடு இரண்டும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பின் அல்லது பிஸ்டன் சிக்கியிருக்கிறது. பேடில் ஆயிலோ கிரீஸோ பட்டிருந்தால் அதைத் துடைத்துத் திரும்பப் போடக் கூடாது.

நம் குழுவின் வேனில் நடந்தது இதுதான். வேறொரு மெக்கானிக் இரண்டு பக்க நிப்பிளையும் திறந்து பெடலை மிதிக்கச் சொன்னார். வலது பக்கம் ஆயில் வேகமாக வந்தது. இடது பக்கம் சொட்டுச் சொட்டாக வந்தது. இடது ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, உள்ளே ரப்பர் ஊதி அடைத்திருந்தது. இரண்டு பக்க ஹோஸையும் மாற்றி, பேடையும் இரண்டு பக்கமும் ஒன்றாகப் போட்டு, காற்று எடுத்தபிறகு வண்டி நேராக நின்றது. அடுத்த கூட்டத்தில் ஓட்டுநர் சகோதரியிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள்.

மறக்காதீர்கள்

• பேடு, ஹோஸ் எதுவானாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றணும்.
• கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.
• பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும். ஆயில் டப்பா மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றணும்.
• பேடு தூசியை வாயால் ஊதாதீர்கள். நுரையீரலுக்குக் கெடுதல்.
• வேலை முடிந்ததும் ஆள் ஏற்றாமல், காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

வரவு செலவு நோட்டு மாதிரி வண்டிக்கும் ஒரு நோட்டு போடுங்கள். என்றைக்கு எது மாற்றினோம் என்று எழுதுங்கள். இழுக்கிற வண்டியில் "இன்னிக்கு ஒருநாள் போய்ட்டு வந்துடலாம்" என்று கிளம்பாதீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பது நம் குழுப் பெண்கள்தானே!