18 வகுப்புகளின் புள்ளிகள்: பெயரிட்டு வைத்தால் பிள்ளை மாறாது

தவணைப் பரீட்சை முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் புள்ளிகளைத் தனித்தனி எக்செல் கோப்பாகத் தருகின்றார். தரம் 6 முதல் 11 வரை, தரத்துக்கு மூன்று வகுப்புகள் என்றால் 18 கோப்புகள். எந்த வகுப்புக்குக் கணிதத்தில் மேலதிக வகுப்பு வைப்பது என்ற முடிவு இவற்றிலிருந்துதான் வர வேண்டும்.

ஆசிரியர் கலாசாலையில் நான் படித்த புள்ளிவிபரம் சராசரியோடு நின்றுவிட்டது. ஆர் என்ற நிரல்மொழியைப் பிற்பாடுதான் பழகினேன். நியூசிலாந்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவர் தொடங்கியது அது. அதன் 1.0.0 பதிப்பு 2000 பெப்ரவரி 29 இல் வெளிவந்தது. பணம் கட்டத் தேவையில்லை.

புதிதாகப் பழகுவோர் 18 கோப்புகளையும் 18 தனிப் பெயர்களில் திறந்து, ஒரே கட்டளையை 18 தடவை பிரதி பண்ணுகின்றனர். ஓரிடத்தில் 9பி என்று மாற்ற மறந்து 9ஏ என்றே விட்டால் ஆர் எந்தப் பிழையும் சொல்லாது. 9ஏ இன் சராசரி 9பி இன் பெயரில் அழகாக வந்து நிற்கும்.

இதற்கு மாற்று, எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைப்பது. ஆர் மொழியில் இதற்கு ‘லிஸ்ட்’ என்று பெயர். ஒரே அலுமாரியில் 18 இலாச்சிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் வகுப்பின் பெயர். கோப்புகளை சிஎஸ்வி வடிவில் சேமித்து, ‘எல்அப்ளை’ மூலம் ஒரேயடியாக வாசித்து, ‘செட்நேம்ஸ்’ மூலம் பெயரிடலாம். பிறகு ‘எஸ்அப்ளை’ கட்டளை ஒன்றே 18 சராசரிகளையும் வகுப்புப் பெயர்களோடு தந்துவிடும். பெயர் இலக்கத்தில் தொடங்கினால் டொலர் குறியிட்டு எடுக்கும்போது சிக்கல் வரும். ஆகவே ஜி10ஏ என்பது போல ஓர் எழுத்தை முன்னால் போடுங்கள்.

முதலாவது, இரண்டாவது என்று வரிசை எண்ணால் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கோப்புகளை ஆர் அகரவரிசையில்தான் அடுக்கும். அதில் 10, 11 ஆகியன 6 க்கு முன்னால் வந்துவிடும். தரம் 6 என்று நினைத்து முதலாவதை எடுப்பவரின் கையில் தரம் 10 இருக்கும்.

எங்கள் பாடசாலைகளுக்கே உரிய சங்கடம் இன்னொன்று. தலைப்பெழுத்தும் ஒன்று, பாத்திமாவும் ஒன்று, கடைசிப் பெயரும் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள் இரு வகுப்புகளில் இருப்பது புதினமல்ல. 18 கோப்புகளையும் ஒட்டிப் பெயரால் தொகுத்தால் இருவரும் ஒருவராகிவிடுவர். ‘டிபிளையர்’ பொதியின் ‘பைண்ட்ரோஸ்’ கட்டளையில் ‘ஐடி’ என்ற தெரிவைக் கொடுத்தால், இலாச்சியின் பெயர் ஒவ்வொரு வரியிலும் தனி நிரலாகச் சேரும். ஒரே வகுப்பிலேயே இருவர் இருந்தால் அதுவும் உதவாது, சேர்விலக்கம் வேண்டும்.

இரண்டு இலாச்சிகளுக்கு ஒரே பெயரிட்டாலும் ஆர் தடுக்காது. கேட்கும்போது முதலாவதை மட்டும் தரும். எனவே பெயரிட்டவுடன் ‘எனிடுப்ளிகேட்டட்’ கட்டளையால் பெயர்களைச் சோதியுங்கள். விடை 0 என்றால் மேலே செல்லலாம்.