ஒரு சொல், இரு முகம்

"ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆகிவிட்டது!" என்றால் விடுதியே மகிழ்கிறது. ஆனால் 1966-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அன்றைய ரொடீஷியாவின்மீது விதித்த வணிகத் தடைக்கும் 'சாங்ஷன்' என்றே பெயர். வரமும் சாபமும் ஒரே சொல்லில் எங்ஙனம் குடியேறின?

இலத்தீனில் 'சான்கீரே' என்றால் புனிதமாக்கி உறுதிசெய்தல். உரோமானியச் சட்டங்களில், மீறுவோர்க்கு இன்ன தண்டனை என்று கூறும் பகுதியே 'சாங்க்டியோ'. உறுதிப்பாட்டிலிருந்து ஒப்புதல் பிறந்தது. தண்டனையிலிருந்து தடை பிறந்தது.

வினையாக வரும்போதுதான் இச்சொல் ஆளை ஏமாற்றும். அப்போது செயப்படுபொருளைப் பாருங்கள். விடுப்பையோ கடனையோ 'சாங்ஷன்' செய்தால் அனுமதி. வழக்கறிஞரை நீதிமன்றம் 'சாங்ஷன்' செய்ததாக அமெரிக்கச் செய்தியில் படித்தால், வாழ்த்து மடல் எழுதிவிடாதீர்கள். பாவம், அவர் தண்டிக்கப்பட்டிருக்கிறார்!