'டிக்சித் டோமினுஸ்' இசையும் தமிழ்ச் சொற்கிடக்கையும்

எபிரேய மூலத்திலும் சீர்திருத்தச் சபையாரின் தமிழ் மொழிபெயர்ப்பிலும் 110 எனவும், இலத்தீன் திருமறையில் 109 எனவும் எண்ணப்பெறும் சங்கீதம், இலத்தீன் வழிபாட்டில் ஞாயிறு மாலைச் செபத்தின் முதற் சங்கீதமாக நெடுங்காலம் பாடப்பெற்று வந்தது. அதன் முதலிரு சொற்களே 'டிக்சித் டோமினுஸ்' என்பன. இதற்கு ஐந்து தனிக்குரல்களும் ஐங்குரற் கூட்டமும் நரம்புக் கருவிகளும் இயைய 1707 ஏப்ரலில் உரோமை நகரில் இசை அமைத்தவர் ஹாண்டெல்; அன்று அவர்க்கு அகவை 22. அவர் பிறந்த ஹாலே நகரிற் பயின்ற சீகன்பால்கு அதற்கு முந்திய ஆண்டிலேதான் தரங்கம்பாடியில் இறங்கினார். 1806இல் நாஞ்சில் நாட்டு மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயும் ஹாலேயிற் பயின்றவரே.

ஹாண்டெல் 'டிக்சித்' என்னும் வினையைக் குரற்கூட்டம் மீண்டும் மீண்டும் முழங்குமாறு அமைத்தார். இலத்தீனில் வினை தலைக்கண் நின்றமையின் இது கைகூடிற்று. தமிழிலோ 'என்றார்' என்பது தொடரின் இறுதிக்கண் நிற்பது. எனவே அம்முழக்கத்தின்மீது தமிழில் விழுவது எழுவாயேயாம். 'சொன்னார் கர்த்தர்' என மாற்றினால் இசை நிற்கும். ஆயின் மேற்கோளின் பின் வந்து முடிக்கும் 'என்று' தன் நிலை இழக்கும். பிறிதொன்றில் தமிழே விஞ்சுகின்றது. எபிரேயத்தில் சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் வெவ்வேறு சொல் உண்டு; இலத்தீன் இரண்டிடத்தும் 'டோமினுஸ்' என்ற ஒன்றையே வேற்றுமையுருபு மாற்றி ஆளும். தமிழ் மொழிபெயர்ப்போ 'கர்த்தர்', 'ஆண்டவர்' எனப் பிரித்துக் காட்டுகின்றது.

இனி அளபு பற்றியது. இடர் மிகுதியும் ஈண்டே உளது. பகைவரைப் பாதபடியாக்கும் வரை எனப் பொருள்படும் பகுதியில், பழைய வழிபாட்டு இசையை ஒரு குரல் நெடுஞ்சுரங்களில் இழுக்க, ஏனைக் குரல்கள் விரைந்தோடுகின்றன. உயிரின் நெடுமை குறுமையாற் பொருள் வேறுபடுத்தும் இயல்பைத் திருச்சபை இலத்தீன் இழந்துவிட்டமையின், எவ்வசையை நீட்டினும் அதற்கு ஊறில்லை. தமிழிலோ 'விடு' நீளின் 'வீடு' ஆகும். 'படு' நீளின் 'பாடு' ஆகும். மேனாட்டு மெட்டிற்குத் தமிழ்ச்சொல் பெய்த ஞானப்பாட்டுகளை நாஞ்சில் நாட்டுச் சபைகளிற் கேட்போர் இவ்விடரை நன்கறிவர். இராகதாளத்தோடு பிறந்த கீர்த்தனைகளில் நெடுஞ்சுரம் பெரும்பாலும் நெட்டெழுத்தையே நாடிச் செல்லும்.

ஓரிடம் மட்டும் விலக்கு. பகைவர் தலைகளை நொறுக்குதலைக் கூறும் 'கொன்குவாசாபித்' என்னும் சொல்லை ஹாண்டெல் விட்டிசைத்த குறுஞ்சுரங்களாற் சம்மட்டியடி போல் ஒலிப்பித்தார். தொல்காப்பியர் வண்ணம் இருபதனுள் வல்லெழுத்து மிக்கு வருவதனை வல்லிசை வண்ணம் என்றார். 'நொறுக்குவார்' என்னும் தமிழ்வினை தன் வல்லொற்றால் இயல்பாகவே துணிந்தொலிக்கின்றது. குறில்களும் குறிலாகவே நிற்கும். இச்சங்கீதத்திற்குத் தமிழில் புத்திசை அமைப்பார் இவ்வொரு வினையிலிருந்து தொடங்கலாம் என்பது எம் கருத்து.