ஒரே முகவரி, பல தளங்கள்

இணையதளம் ஒன்றை உருவாக்குவோர், அதனை உலகின் பார்வைக்கு வைக்கும்முன் தம் கணினியிலேயே இயக்கிப் பார்ப்பர். அதற்கென அப்பாச்சி போன்ற வழங்கி மென்பொருளை நிறுவிக்கொள்வர். தளம் ஒன்று மட்டுமெனில் இடர்ப்பாடு இல்லை. பள்ளிக்கு ஒன்று, நூலகத்திற்கு ஒன்று எனத் தளங்கள் பெருகும்போதுதான் வினா எழுகிறது. கணினி ஒன்று, அது தன்னையே குறிக்கப் பயன்படுத்தும் முகவரியும் 127.0.0.1 என்னும் ஒன்றே. அவ்வாறாயின், வந்த வேண்டுகோள் எத்தளத்திற்கு உரியது என வழங்கி எங்ஙனம் அறியும்?

ஒரே கதவிலக்கத்தில் பல குடும்பங்கள் வாழும் வீட்டிற்கு வரும் மடல், உறைமேல் உள்ள பெயரைக் கொண்டே உரியவரைச் சேர்கிறது. அதுபோல, உலவி அனுப்பும் வேண்டுகோளில் 'ஹோஸ்ட்' என்னும் வரி தளத்தின் பெயரைத் தாங்கி வருகிறது. தொடக்கத்தில் இவ்வரி கட்டாயமன்று. ஆதலால் தளத்திற்கொரு முகவரி வேண்டியிருந்தது. 32 பிட்டுகளால் ஆன முகவரிகளோ ஏறத்தாழ 430 கோடியே. 1997ஆம் ஆண்டு வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறை இவ்வரியைக் கட்டாயமாக்கியது. இவ்வாறு ஒரே வழங்கியில், பெயரால் பிரித்தறியப்படும் தளங்களுக்கான அமைப்புகளே மெய்நிகர் வழங்கிகள் எனப்படுகின்றன.

இவற்றை அமைப்போர் இரண்டு இடங்களில் எழுதவேண்டும். 'லைப்ரரி.டெஸ்ட்' என்னும் பெயர் 127.0.0.1 முகவரிக்கு உரியது என்பது இயக்க அமைப்பின் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் இடம்பெற வேண்டும். அப்பெயர் அப்பாச்சியின் அமைவுக் கோப்பில் 'சர்வர்நேம்' வரியிலும், தளத்தின் கோப்புறை 'டாக்குமென்ட்ரூட்' வரியிலும் வரவேண்டும். பின்னர் அப்பாச்சியை மீண்டும் தொடங்கவேண்டும்.

முதற்பணி விடுபட்டால், தளத்தைக் காண இயலவில்லை என உலவியே தெரிவித்துவிடும். இரண்டாவது விடுபட்டாலோ, பெயரில் எழுத்துப்பிழை நேர்ந்தாலோ பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பொருந்தும் பெயர் கிடைக்காதபோது, பட்டியலில் முதலாவதாக உள்ள தளத்தையே அப்பாச்சி காட்டும். நூலகத்தைத் தேடியவர் முன் பள்ளித்தளம் வந்து நிற்கும். புதிதாகக் கற்போர், குறையற்ற தம் நிரலில் நெடுநேரம் பிழை தேடுவது இதனால்தான்.

பெயரின் ஈற்றுப் பகுதியும் கருதத்தக்கது. முன்னர்ப் பலர் தம் தளங்களுக்கு '.டெவ்' என முடியும் பெயர்களைச் சூட்டினர். அப்பின்னொட்டு கூகுள் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. 2017 டிசம்பரில் வெளியான குரோம் 63, அவ்வாறு முடியும் பெயர்களைப் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறந்தது. அதற்கான சான்றிதழ் இல்லாத தளங்கள், அவற்றை உருவாக்கியோரின் கணினியிலேயே திறக்க மறுத்தன. '.டெஸ்ட்' என்னும் பின்னொட்டு 1999ஆம் ஆண்டிலேயே சோதனைக்கென ஒதுக்கப்பட்டது. அதனைப் பொது இணையத்தில் எவரும் பதிவுசெய்ய இயலாது.