நீலமும் வெள்ளையும்: பாக்டீரியாத் திரள்களைத் தரம்பிரிக்கும் முறை

அவுரிச் செடியிலிருந்து நீலம் எடுப்போர் இலைகளைத் தொட்டி நீரில் ஊறவைப்பர். இலையிலுள்ள நிறமற்ற பொருளொன்று நொதியினால் பிளவுபட்டுச் சர்க்கரை நீங்கும். எஞ்சிய பகுதி, நீரை அடித்துக் கலக்குங்கால் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி நீலமாகப் படியும். ஏறக்குறைய இதே ரசாயன மாற்றம், இன்று ஜீன் ஆராய்ச்சிச் சாலைகளில் பாக்டீரியாக்களைத் தரம்பிரிக்கவும் உதவி வருகிறது.

ஒரு டி.என்.ஏ. துண்டைப் பெருக்க வேண்டின், அதனைப் பிளாஸ்மிட் எனப்படும் வளைய வடிவமான டி.என்.ஏ.வில் இணைத்து, ஈ. கோலி பாக்டீரியாவினுள் புகுத்துவர். பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலின் மருந்தை எதிர்க்கும் ஜீன் இருப்பதால், அம்மருந்து கலந்த அகார்த் தட்டில் பிளாஸ்மிட் பெற்றவை மட்டுமே வளரும். ஆயினும் துண்டு சேராமலே மூடிக்கொண்ட வளையங்களும் பல உண்டு. தட்டில் தோன்றும் நூற்றுக்கணக்கான திரள்களோ பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொன்றையும் தனியே வளர்த்துச் சோதித்தால் நாட்கள் வீணாகும்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்ப்பது, பாலின் சர்க்கரையான லாக்டோஸைப் பிளக்கும் பீட்டா-காலக்டோசிடேஸ் என்னும் நொதியாகும். செயலிழந்த அதன் இரு பகுதிகள் ஒன்றுகூடின் மீண்டும் செயல்படும் என்பதைப் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த உல்மன், ஜாக்கப், மோனோ ஆகியோர் 1967இல் வெளியிட்டனர். ஜெர்மனியில் மெஸ்ஸிங் என்பவரும் அவருடைய சகாக்களும் 1977இல் இதனை எம்-13 வைரஸில் அமைத்துக் காட்டினர். பின்னர் 1982இல் பியுசி பிளாஸ்மிட்டுகள் வெளிவந்தன. நொதியின் சிறு பகுதிக்கான ஜீன் பிளாஸ்மிட்டிலும், பெரும் பகுதிக்கான ஜீன் பாக்டீரியாவிலும் இருக்கும். புதிய துண்டைச் செருகும் இடம் அச்சிறு ஜீனின் நடுவிலேயே உள்ளது. துண்டு புகுந்தால் ஜீன் குலையும், நொதி உருவாகாது.

எக்ஸ்-கால் என்னும் நிறமற்ற பொருளைத் தட்டில் சேர்த்தால், நொதி அதனைப் பிளந்து காலக்டோஸை நீக்கும். மிஞ்சும் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து, பிராணவாயுவினால் மாற்றமுற்று, நீரில் கரையாத நீலமாகும். கரையாமையே இதன் சிறப்பு. நிறம் அத்திரளிலேயே தங்கிவிடுகிறது. எக்ஸ்-காலை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பணியாற்றிய ஹார்விட்ஸ் குழுவினர் 1964இல் வெளியிட்டனர். உடன் சேர்க்கும் ஐ.பி.டி.ஜி. நிறம் தருவதன்று, ஜீனைத் தூண்டிவிடுவதே அதன் வேலை. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பு.

ஆகவே நீலத் திரள் வெறும் பிளாஸ்மிட்டுடையது. வெள்ளைத் திரள் துண்டுடையது எனக் கொள்ளலாம். எனினும் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. டி.என்.ஏ. எழுத்துக்கள் மூன்று மூன்றாகப் படிக்கப்படுவதால், மூன்றால் வகுபடும் நீளமுள்ள சிறு துண்டு புகுந்தும் நொதி ஓரளவு செயல்பட்டு வெளிர்நீலம் காட்டக்கூடும். வெட்டப்பட்ட முனைகள் சிதைந்திருப்பின், துண்டில்லாத திரளும் வெண்மையாகும். பெரிய திரளைச் சூழ்ந்து முளைக்கும் நுண்ணிய வெள்ளைத் திரள்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் அற்றவை. அருகிலுள்ள ஆம்பிசிலின் அழிக்கப்பட்டதால் அவை பிழைக்கின்றன. எனவே தேர்ந்த வெள்ளைத் திரளின் பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து, வெட்டும் நொதியால் துண்டித்து நீளம் பார்த்தல் வேண்டும்.

தட்டுகளை 37 டிகிரி செல்சியஸில் ஓரிரவு வைத்தபின் நிறம் தெளிவாகத் தோன்றாவிடில், சில மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நீலம் ஆழ்ந்து தெரியும். எக்ஸ்-கால் கரைசலை ஒளி படாமல் உறைநிலையில் காத்தல் அவசியம்.