கிணற்றடியில் ஒரு குறிப்பேடு

நெடுந்தீவிலே, முருகைக்கற்களை அடுக்கிய வேலி சூழ்ந்த ஒரு வளவினுள், சென்ற பங்குனி மாதத்து நண்பகல் ஒன்றில், மூதாட்டி ஒருவர் எனக்கு ஒரு செம்பு தண்ணீர் தந்தார். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிலே வந்த களைப்பில் அதை ஒரே மூச்சிற் குடித்தேன். குடித்து முடியும்வரை என் முகத்தையே பார்த்திருந்தவர், "தண்ணி எப்பிடி, வாத்தியார்?" என்று கேட்டார்.

"நல்ல தண்ணீர், ஆச்சி" என்றேன்.

"இப்ப நல்லதுதான். நான் கலியாணம் முடிச்சு வந்த காலத்திலை, நயினாதீவு அம்மாளுக்குத் தேர் முடிஞ்ச பிறகுதான் சவர் தட்டும். இப்ப கொடியேற முந்தியே தட்டுது."

நயினை நாகபூஷணி அம்மனுக்கு ஆனி மாதத்திலே திருவிழா. கொடியேற்றம் முதல் தீர்த்தம்வரை பதினைந்து நாட்கள். ஆச்சி சொன்னது வெறும் முறைப்பாடன்று. அது ஓர் அளவீடு. கோடையில் உவர் ஏறும் நாள் முன்னே நகர்ந்துவிட்டது என்பதை, நாட்காட்டியின்றித் திருவிழாவைக் கொண்டே அவர் அளந்து வைத்திருந்தார். "எந்த வருஷத்திலிருந்து இப்படி, ஆச்சி?" என்று கேட்டேன். "அதை ஆர் எழுதி வைச்சது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டகலவில்லை.

தீவுகளின் நிலத்தடி நீரைப் பற்றி அறிவியல் கூறுவது எளிமையானதே. மழைநீர் சுண்ணக்கல்லினூடாக இறங்கி, அடியில் ஊறி நிற்கும் கடல்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பேடன் கைபனும், 1901இல் ஜேர்மானியரான ஹேர்ட்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட விதி இது. ஹேர்ட்ஸ்பேர்க்கின் ஆராய்ச்சிக்கு உதவியவையும் நம்முடையவை போன்ற கடற்றீவுகளின் கிணறுகளே. இவ்விதியின் மறுபக்கமோ அச்சந் தருவது. மேலே ஓரடி நீர் நிரந்தரமாகக் குறைந்தால், காலப்போக்கிற் கீழே நாற்பது அடி நன்னீரை நாம் இழந்துவிடுவோம்.

அந்த இழப்பை முதலில் அறிவது நாக்கு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. குடிநீரில் அது 250 மில்லிகிராமை நெருங்கும்போது உவர்ச்சுவை தட்டத் தொடங்குகிறது. இலங்கைக் குடிநீர்த் தரம் விதித்துள்ள எல்லையும் அந்த 250 தான். எழுபத்தைந்து வாளி நன்னீரில் ஒரு வாளி கடல்நீர் கலந்தாலே அந்த எல்லை வந்துவிடும். ஆகவே, ஆச்சியின் நாக்கு ஒரு நுண்கருவி. நாளும் எண்ணும் எழுத்தில் ஏறாமையால், அக்கருவி காட்டியது அவரோடு முடிந்துபோகிறது.

இவ்விடத்தில் என் குறை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தீவகத்துப் பாடசாலையொன்றில் நான் விஞ்ஞானம் கற்பித்த நாட்களில், நிலத்தடி நீரைப் பற்றிக் கரும்பலகையிலே எத்தனையோ படங்கள் வரைந்தேன். வகுப்பறைக்கு இருபது பாகத்துக்குள் ஒரு கிணறு இருந்தது. ஓராண்டு மாத்திரம், கல்லொன்றைக் கட்டிய கயிற்றை மாணவரைக் கொண்டு அதனுள் இறக்குவித்து, வாரந்தோறும் நீர்மட்டத்தை எழுதச் செய்தேன். பதினொரு வாரம் எழுதினார்கள். பின்னர் தவணைப் பரீட்சை வந்தது. கயிறு களஞ்சிய அறைக்குப் போயிற்று. அக்கொப்பி இன்னும் என்னிடம் உண்டு. பதினொரு வரிகளுக்குப் பின் முழுவதும் வெற்றுத்தாள். அளக்கும் ஆற்றல் அப்பிள்ளைகளுக்கு இருந்தது. விடாது தொடரும் உறுதி எனக்குத்தான் இருக்கவில்லை.

தொடர்ந்தவர்கள் என்ன கண்டார்கள்? அமெரிக்காவிலே நத்தார் நாளிற் பறவைகளைச் சுட்டு வீழ்த்தி, யார் கூட அதிகம் என்று போட்டியிடும் வழக்கம் ஒன்றிருந்தது. 1900ஆம் ஆண்டில் பிராங் சப்மன் என்பார், கொல்வதை விட்டு எண்ணுவோம் என்று அழைத்தார். அந்த நத்தாரன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். அவ்வழக்கம் இன்றும் நடைபெறுகிறது. இத்தகைய தன்னார்வலர் கணக்குகள் பலவற்றைத் திரட்டிப் பார்த்தே, வட அமெரிக்காவில் 1970க்குப் பின் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் அறிஞர்கள் உலகுக்கு அறிவித்தனர். அறிஞர் சிலர் ஓடித்திரிந்து அறிந்திருக்கக் கூடிய செய்தியன்று அது.

கடலுக்கு அப்பால் நம் இனத்தவரிடையேயும் இதற்குச் சான்றுகள் உண்டு. சென்னைக் கடற்கரையிலே 1988ஆம் ஆண்டு முதல் மாணவர் குழுவொன்று, தை மாதந் தொடங்கி இரவிரவாக மணலில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைக் குழிகளைத் தேடிக் காத்தும் எண்ணியும் வருகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களிற் பறவைகளைக் கணக்கெடுக்கும் முயற்சி வேரூன்றியுள்ளது. நம் நாட்டிலும், 1943இல் தோன்றிய இலங்கைப் பறவைகள் கழகம், ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் நம் நாட்டுப் பொறுப்பை ஏற்று நடத்துகிறது. அதன் காலமும் தை மாதமே. மண்டைதீவுப் பாலவீதியின் இருமருங்கும் வாத்தும் உள்ளானும் பூநாரையும் காணும் பருவம் அது. நாரையைத் தூது விடுத்த சத்திமுற்றப் புலவர் பறவையின் போக்குவரவை நன்கறிந்தவர். அவர் வழிவந்த நாமோ, பேருந்தின் யன்னலை மூடிவிட்டு அவ்வீதியைக் கடக்கிறோம்.

பறவையை எண்ணினாற் கிணறு நிறையுமா என்று ஒருவர் கேட்கலாம். கிணற்றையே எண்ணியவர்களும் உளர். ஆந்திர தேசத்தின் வறண்ட ஏழு மாவட்டங்களில், 2003ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ், அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களின் விவசாயிகள் மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் தாமே அளந்தனர். கணக்கை ஊர்ச் சுவரிலே எழுதினர். இருக்கும் நீருக்கு எந்தப் பயிர் ஏற்றதென்று கூடிப் பேசினர். எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. தம் கையால் எழுதிய எண்ணை மறுக்க மனம் வராமையால், பலர் நீர் அதிகம் வேண்டாத பயிர்களுக்கு மாறினர்.

நமக்கு இன்னும் அருகிலுள்ள பாடம் சுன்னாகம். மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்துவிட்டதென்று மக்கள் முறையிட்டனர். வாளியில் மிதந்த எண்ணெய்ப் படலத்தை முதலிற் கண்டவர்கள் அவ்வீட்டாரே. ஆய்வறிக்கைகளோ ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆண்டுகள் சில கழிந்து, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேதான், பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஊருக்குப் பத்துக் கிணறுகளின் பழைய நிலையேனும் திகதியிட்டு எழுதப்பட்டிருந்தால், முன்னர் நீர் எவ்வாறிருந்தது என்ற வாதத்துக்கே இடமிருந்திராது என்று நான் எண்ணுவதுண்டு. கேடு வந்தபின் எடுக்கும் அளவீடு பாதிச் சாட்சிதான். மற்றப் பாதி, கேடு வருமுன் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றையும் வெயிலையும் மின்னாக்கும் திட்டமொன்றுக்கு, இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. டீசல் இயந்திரத்தையே நம்பியிருந்த தீவுகளுக்கு அது வேண்டிய திட்டமே. ஆனாற் காற்றாடி சுழலுமுன் அவ்வானத்திற் பறந்த பறவைகள் எத்தனை என்று நாளை எவரேனும் கேட்டால், இன்று எண்ணியவர்களே விடை சொல்ல முடியும்.

பிள்ளைகளின் அளவீட்டை நம்பலாமா என்பது நியாயமான ஐயம். ஒரு பிள்ளை ஒரு நாள் எழுதியதை நம்ப வேண்டியதில்லை. ஒரே கிணற்றை, ஒரே கிழமை நாளில், ஒரே கயிற்றினால் நூறு வாரம் எழுதினால், பிழையான வரி தானே தனித்துத் தெரியும். அத்துடன், அதிசயத்தை மட்டும் எழுதாமல், "இன்று ஒன்றுமில்லை" என்பதையும் எழுதப் பழக வேண்டும். வெறுமையும் ஒரு செய்தியே. ஆச்சியின் நினைவையும் இவ்வாறே மதிக்க வேண்டும். அது தீர்ப்பன்று, தேடத் தொடங்குவதற்கான சுட்டு.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கல் கட்டிய கயிறு, அடிக்கோல், கொப்பி ஆகியன போதும். மாதமொரு முறை ஒரு போத்தல் நீர், உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்துக்குப் போகட்டும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைக் கொண்டு அதிலுள்ள குளோரைட்டை மாணவரே காணலாம். தொண்டைமானாற்றில் வெளிக்கள நிலையம் என்றொரு நிறுவனம் உண்டு. அதன் பெயரை வினாத்தாளின் தலைப்பிலேதான் நம் மாணவரிற் பெரும்பாலோர் அறிவர். ஆனால் அப்பெயரின் பொருளோ, வகுப்பறையை விட்டு வெளியே களத்துக்கு வா என்பதுதான்.

நெடுந்தீவை விட்டுப் புறப்படுமுன் ஆச்சியிடம் கயிறு ஒன்று கேட்டேன். கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, நனைந்த இடத்தில் முடிச்சிட்டேன். என் பழைய கொப்பியை எடுத்து, பதினோராவது வரியின்கீழ் ஒரு கோடு கீறி, திகதியையும் கிணற்றின் பெயரையும் நீர்மட்டத்தையும் எழுதினேன். சுவை என்ற நிரலில் என்ன எழுதுவதென்று ஆச்சியைக் கேட்டேன். மீண்டும் ஒருவாய் குடித்துப் பார்த்து, "நல்லது எண்டு எழுதுங்கோ" என்றார். கயிற்றை அவருடைய பேத்தியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் எட்டாம் வகுப்பிற் படிக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குரிய வரியை அவள்தான் எழுத வேண்டும்.