இறுக்கிச் சுத்து... இளமை கெட்டி!

பி.ஹெச்டி. முடிச்சா அடுத்து நேரா புரொபசர்தானேனு நினைக்கிறீங்களா? அதான் இல்லை பாஸ்! நடுவுல ‘போஸ்ட்டாக்’னு ஒரு ஸ்டாப் இருக்கு. கையில் டாக்டர் பட்டம் இருக்கும். நிரந்தர வேலை இருக்காது. அப்படி ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு, லெனார்ட் குவாரன்ட்டியின் லேபுக்குப் போனவர்தான் ஷின்-இச்சிரோ இமாய். கேள்வி ஒன்றுதான்: செல்லுக்கு ஏன் வயசாகிறது?

உங்கள் ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர். கண்ணுக்கே தெரியாத நியூக்ளியஸுக்குள் அது எப்படி அடங்குது? ஹிஸ்டோன் என்ற புரதங்கள்தான் நூல் சுற்றும் கட்டை. சுற்றி வைத்த மொத்தச் சுருளுக்கும் பேர் குரோமாட்டின். இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் ஜீன்கள் கப்சிப்; தளர்ந்த இடத்தில் பேச ஆரம்பிச்சிடும்.

இதை ஆராய அவங்க எடுத்துக்கிட்டது ஈஸ்ட். ஆமாங்க, பேக்கரி பன்னை உப்ப வைக்குதே, அதேதான்! ஒரு தாய் செல் 20, 25 தடவை மொட்டு விட்டதும் ஓய்ந்துவிடும். ஒவ்வொரு குட்டி செல்லையும் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே மெல்லிய ஊசியால் தள்ளித் தள்ளி எண்ணணும். வாரக்கணக்கில்!

சர்-2 என்ற ஜீனில் ஒரு காப்பி கூடுதலாகக் கொடுத்தால் ஈஸ்ட்டின் ஆயுள் சுமார் 30 சதவிகிதம் கூடுவதை 1999-ல் அந்த லேப் கண்டுபிடித்தது. எப்படி? 2000-ல் இமாய் குழு விடை சொன்னது. சர்-2 புரதம் ஹிஸ்டோனில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் குழுவைக் கழற்றிவிடும், சுருள் இறுகும். அந்த வேலைக்கு என்.ஏ.டி. வேண்டும். செல் சாப்பாட்டைச் சக்தியாக்கும்போது புழங்குகிற அதே மூலக்கூறு! ஆக, சாப்பாட்டுக்கும் முதுமைக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது. வயதான ஈஸ்ட்டில் சர்-2 குறைவதையும், ஹிஸ்டோனின் ஒரு முக்கிய இடத்தில் அசிட்டைல் கூடுவதையும் 2009-ல் ஷெல்லி பெர்ஜரின் குழு காட்டியது.

அப்போ இளமை மாத்திரை ரெடியா? அங்கேதான் ட்விஸ்ட். சர்-2 குடும்பத்துப் புரதங்களைத் தூண்டும் மருந்து தேடிய சர்ட்ரிஸ் கம்பெனியை 2008-ல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2013-ல் அதன் தனி அலுவலகமே மூடப்பட்டது. ஈஸ்ட்டிலிருந்து மனுஷனுக்கு வர்ற ரூட் அவ்வளவு தூரம்!

அதனால, ‘வயசே ஆகாது’னு யாராவது டப்பாவை நீட்டினா, காசை எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: ‘‘இது ஈஸ்ட்டுக்கா, எனக்கா?’’